கை வைத்தால் நிற்கும் இரைச்சல்

சாம்சன் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கூடத்தில் இரைச்சல் நின்றது.

இரைச்சல் நிற்பது ஒரு விஷயமா என்று யாரும் கேட்கலாம். ஆனால் சாயங்காலத்திலிருந்து அந்த வீட்டில் அவனுக்கு இருந்த பேச்சுத்துணை அது ஒன்றுதான். கூடத்து மூலையில் சாய்த்து வைத்திருந்த எலக்ட்ரிக் கிட்டார், அதிலிருந்து ஒயர் போகும் ஸ்பீக்கர் பெட்டி, அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வரும் ‘ம்ம்ம்’ என்ற முனகல். கீழ்வீட்டு மிக்ஸி, தெருவில் போகும் ஆட்டோ, மழை பிடிக்கப்போகிற காற்றில் படபடக்கும் ஜன்னல் திரை எல்லாவற்றுக்கும் அடியில் அது தன் பாட்டுக்கு இரைந்துகொண்டே இருந்தது. கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தான். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. கிட்டார் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே முனகல் திரும்ப வந்தது. அதற்குள் தோசை தீய்ந்துபோயிற்று.

அன்று மத்தியானம்தான் அந்தக் கிட்டாரின் வயிற்றைப் பிரித்து உள்ளே எல்லாவற்றையும் புதிதாக மாற்றியிருந்தான். ஏதோ ஒரு ஒயரைச் சரியாகக் குத்தவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

கிட்டார் அவன் அண்ணன் இம்மானுவேலுடையது. ராஜபாளையத்தில் கோயில் பாடகர் குழுவில் அண்ணன் அதை வாசித்தால், ஜெபத்தில் கண்ணை மூடியிருப்பவர்கள்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார்கள். பிறகு அவர் வேலை பார்த்த பஞ்சு மில்லில் மெஷின் அண்ணனின் இடது கையில் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் கொண்டுபோய்விட்டது. மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் வாசித்துப் பார்த்தார். எஃப் என்ற கார்டு, பல கம்பிகளை ஒன்றாக அழுத்தும் பிடி, வரும் இடத்தில் மட்டும் பாட்டு நொண்டும். அதற்கு நாலு விரலும் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டின் நடுவிலேயே எழுந்து வெளியே போனவர், அதோடு கிட்டாரைப் பெட்டியில் போட்டுவிட்டார். போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து அவரும் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கிட்டார் பெட்டியை மதினி அழகுத்தாய்தான் கொடுத்தனுப்பினாள். வெள்ளைப் பேண்டேஜ் துணியால் சுற்றிச் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சு போட்டிருந்தது. பேண்டேஜ் துணி நெய்கிற ஊரான ராஜபாளையத்தில் கயிறு தேடுவதைவிடப் பேண்டேஜ் துணி கிடைப்பது லேசு. கொக்கி உடைந்திருக்கும், அதனால் கட்டியிருக்கிறார்கள் என்று அவன் நினைத்தான். அவிழ்த்துப் பார்த்தபோது கொக்கி இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

சாம்சன் கிருஷ்ணன்கோவிலில் ஒரு காலேஜில் கிளார்க். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடிவீடு. காலையில் காலேஜ் பஸ்ஸில் பையன்களின் கூச்சலுக்கு நடுவே உட்கார்ந்து போவான், சாயங்காலம் அதே கூச்சலில் திரும்பி வருவான். அவனிடம் ஒருவரும் எதுவும் பேச மாட்டார்கள். கல்யாணப் பேச்சு தட்டித் தட்டிப் போய், கடைசியில் பேசுவதையே விட்டுவிட்டார்கள். காலேஜில் அவன் ‘சார்’, கீழ்வீட்டில் ‘மாடிவீட்டுக்காரர்’. ‘ஏலே சாம்சு’ என்று கூப்பிட்ட ஒரே வாயும் ஐப்பசியில் மூடிவிட்டது. கிட்டாரைச் சரி பண்ண வேண்டும் என்று அவன் கிடந்து துடித்ததற்கு இதுதான் காரணம். அண்ணன் இருந்த வீட்டில் கேட்ட ஏதாவது ஒரு சத்தம் இந்த வீட்டிலும் கேட்க வேண்டும்.

ஒயரை ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அவனுக்கு வராது. அது வேண்டியதே இல்லை என்று ஒரு செட் கூரியரில் வந்தது. பழைய துருப்பிடித்த ஒயர்களை வெட்டி எறிந்துவிட்டு, புது ஒயர்களின் முனையை அததற்கு உரிய குழியில் டக்கென்று குத்த வேண்டும், சிலவற்றை ஸ்க்ரூவில் வைத்து முறுக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பிகளின் அடியிலிருந்து வரும் ஒற்றைக் கறுப்பு ஒயரைக் கடைசியாக முறுக்கினான். ஸ்பீக்கர் பெட்டியை ஆன் பண்ணியதும் வந்தது அந்த இரைச்சல்.

தோசை தீய்ந்த அன்று ராத்திரியே, ராஜபாளையத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் பொன்னுராஜுக்கு போன் போட்டான்.

“வீட்டுல எர்த்து சரியில்ல அண்ணாச்சி, அதான் இரையுது,” என்றான் பொன்னுராஜ். “கம்பில கைய வச்சுப் பாருங்க, நின்னுரும். மனுச உடம்புதான் அதுக்கு எர்த்து.”

வைத்துப் பார்த்தான். நின்றது. எடுத்தான். இரைந்தது. சின்னப் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்ப வைத்து எடுத்துப் பார்த்தான்.

“கை வைக்காமலே நின்னா?” என்று கேட்டான்.

பொன்னுராஜ் சிரித்தான். அப்படியெல்லாம் நிற்காது, எங்கேயோ ஒயர் லூசாக இருக்கும், இன்னொரு தடவை குத்திப் பாருங்கள் என்றான்.

எல்லாவற்றையும் கழற்றித் திரும்பக் குத்தினான். இழுத்துப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. மறுநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது நின்றது. அதற்கு மறுநாள் குளித்துவிட்டு வரும்போது நின்றே கிடந்தது. பயம்தான். லைட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினான். அந்த இரைச்சல் நிற்கிற ஒவ்வொரு தடவையும், மூலையில் யாரோ குனிந்து, கம்பிகளின் மேல் உள்ளங்கையை மெல்லப் படிய வைப்பது போலவே அவனுக்குத் தோன்றியது.

பெட்டியை ஆஃப் பண்ணிவிட்டால் தீர்ந்தது. அதை அவன் செய்யவில்லை. ஏன் என்றால், ஆஃப் பண்ணினால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒருநாள் வாய் தானாகக் கேட்டது: “அண்ணே?”

இரைச்சல் நின்றது.

சாம்சன் அழுதான். துடைக்கக்கூடத் தோன்றாமல், அண்ணனை அடக்கம் பண்ணிய அன்று வராத அழுகையெல்லாம் சேர்த்து அழுதான். அதற்குப் பிறகு பயம் போயிற்று. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்கு வந்தான். பால்கோவா வாங்கினால் இரண்டு தட்டில் வைத்தான். கிட்டாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஆபீஸ் கதை, மழைக் கதை, கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் போட மாட்டேன் என்கிற கதை எல்லாம் சொன்னான். அந்தக் கை கம்பிகளின் மேலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தது. சில சமயம் இரைச்சல் மறுபடி எழும்பும், போகப்போகிறது என்று தெரியும். அப்போது பதறுவான். “இருண்ணே. போயிராத. என்கூடவே இரு.”

ஒன்றே ஒன்று மட்டும் இடித்தது. அண்ணன் மேல் எப்போதும் பஞ்சுத் தூசியும் தேங்காயெண்ணெயும் மணக்கும். இரைச்சல் நிற்கும்போது கூடத்தில் வந்த வாசனை வேறு. வெகுநேரம் கைக்குள் பொத்தி வைத்திருந்த நாணயத்தின் வாசனை. பழைய கம்பி அப்படித்தான் நாறும் என்று அவனே அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான்.

சனிக்கிழமை பொழுது அடைந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்தி, மேல்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கிட்டாருக்கு எதிரே உட்கார்ந்தான். உட்கார்ந்ததுமே இரைச்சல் நின்றது. இந்தச் சந்தோஷத்தை மதினியிடம் சொல்லாமல் இருப்பது பாவம் என்று தோன்றியது. போன் போட்டான்.

“மதினி, அண்ணன் இங்கதான் இருக்காரு,” என்றான். இரைச்சல் நிற்பதைப் பற்றி எல்லாம் சொன்னான்.

“கட்ட அவுத்துட்டியாக்கும்,” என்றாள் அழகுத்தாய்.

“ஆமா மதினி.”

“தம்பி, அது அவிய இல்ல.” குரல் இறங்கிப்போயிருந்தது. “அவிய உசுரோட என் பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருக்கும்போதே அந்த இரைச்சல் நின்னுச்சு. அதுக்குப் பொறவுதான் பெட்டியத் துணிய வச்சுச் சுத்துனாக.”

லைன் அறுந்துவிட்டது. மழையில் டவர் போயிருக்கும்.

சாம்சன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மழை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது, கூரைத் தண்ணீர் குழாய் வழியாக மடமடவென்று இறங்கிக்கொண்டிருந்தது, அத்தனை சத்தத்துக்கும் நடுவே அந்த மூலையில் மட்டும் சத்தமே இல்லை. அவன் போனில் பேச ஆரம்பித்ததிலிருந்தே இல்லை.

இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நாணய வாசனை வந்தது.

கம்பிகள் லேசாகக் கிறீச்சிட்டன. விரல்கள் நகரும் சத்தம். பிறகு பெட்டியிலிருந்து, மெதுவாக, சுத்தமாக, ஒரு கார்டு.

எஃப்.

கொஞ்சமும் நொண்டாமல். நாலு விரலும் அழுத்தி.

அவன் எழுந்தான். கண்ணைக் கிட்டாரிலிருந்து எடுக்காமல், சுவரோடு சுவராகக் கதவுக்கு நகர்ந்தான். கார்டு ஓய்ந்தது. இரைச்சல் வரவில்லை. நல்லது. கை இன்னும் கம்பியில்தான் இருக்கிறது. இரைச்சல் இல்லாதவரை அது அங்கேதான் இருக்கிறது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தான்.

கதவு. மேல்தாழ்ப்பாள். மழை ஈரத்தில் கட்டை ஊதியிருந்தது. ஒரு கைக்கு அசையவில்லை. இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். அதற்குத் திரும்பியாக வேண்டும்.

திரும்பினான்.

தாழ்ப்பாளைப் பிடித்தான். அசைத்தான். கொஞ்சம் வந்தது. பின்னால் சத்தமில்லை. அசைத்தான். இன்னும் கொஞ்சம். சத்தமில்லை. அங்கேதான் இருக்கிறது. அங்கேதான்.

ம்ம்ம்.

இரைச்சல் ஆரம்பித்தது.

அவன் அசையவில்லை. மூச்சு விடவில்லை. பின்னால் இரைச்சல் ஒரே சீராக, கை வைக்க ஆளில்லாமல், ஓடிக்கொண்டிருந்தது.

தாழ்ப்பாளைப் பிடித்திருந்த அவன் இடது கையின் மேல், சில்லென்று ஒரு விரல் படிந்தது. நுனியில் காய்ப்பு. அதன் பக்கத்தில் இன்னொன்று.

மூன்றாவது.

நாலாவது.