காலி பாக்கெட்டுகள்

காலியாக இருக்க வேண்டிய பாக்கெட் காலியாக இல்லை. சுகாசினி முதலில் தன் புரோகிராமைத்தான் திட்டினாள்.

அப்பா வீராசாமியின் சாவு வீடியோ அது. வாலாஜாபாத் வீடியோக்காரர் எடுத்து, விசிடியாகப் போட்டுக் கொடுத்தது. ஒரு வருடமாக அம்மா அதைப் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டாள். வாய்க்கரிசி போடுகிற இடம் வந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். நாளைக்குத் தெவசம். சுகாசினி சாவுக்கு வராத மகள். புனே ஆபீசில் "இந்த ரிலீஸ் மட்டும் முடியட்டும்" என்று இரண்டு நாள் இழுத்துவிட்டு அவள் சொந்த ஊரான ஓரிக்கைக்கு வந்து சேர்ந்தபோது, பாலாற்றங்கரையில் மண்ணைப் போட்டு மூடிவிட்டு எல்லாரும் குளித்தும் முடித்திருந்தார்கள். அப்பா முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

தேய்ந்த டிஸ்கிலிருந்து படத்தை மீட்க அவளே ஒரு புரோகிராம் எழுதினாள்; ஆபீசிலும் இதே வேலைதான், அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. படமும் ஒலியும் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக, சிக்கிப்போன பட்டு நூல் மாதிரி ஒரே ஓட்டத்தில் கலந்து வரும். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்துப் படத்தை ஒரு பக்கம், ஒலியை ஒரு பக்கம் பிரித்து, அவற்றைத் திரையில் ஓடவும் காதில் கேட்கவும் வைக்கிற டிகோடருக்குக் கொடுத்தால் தீர்ந்தது. மூன்றாவதாக ஓர் எண் உண்டு, சும்மா இடத்தை நிரப்ப வைக்கிற காலி பாக்கெட். எந்தப் பிளேயரும் அதைத் திறந்து பார்க்காது, தூக்கிப் போட்டுவிடும். தேய்ந்த டிஸ்க் ஆயிற்றே, எதையும் விட வேண்டாம் என்று அவள் அதையும் சேர்த்துப் பிரித்தாள்.

அந்தக் காலி பாக்கெட்டுகளுக்குள் ஏதோ இருந்தது. அவற்றை ஒலி டிகோடரில் விட்டாள். ஹெட்போனில், எதிர்வீட்டுத் தறிச் சத்தத்துக்கும் ஃபேன் இரைச்சலுக்கும் அடியில், முதலில் ஈரத்துணியைப் பிழிவது போல ஏதோ, பிறகு எச்சில் ஊறுகிற சத்தம், பிறகு பச்சரிசியை வாய் திறந்தபடியே நசுக்கிக் குழைத்து மெல்லுகிற சளக் சளக். சீ, கர்மம்! வீடியோக்காரர் வெற்றிலை மென்றது மைக்கில் விழுந்திருக்கும். ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. வேர்வைதான் என்று சொல்லிக்கொண்டு துடைத்துக்கொண்டாள்.

அதே பாக்கெட்டுகளைப் பட டிகோடரில் விட்டாள். அப்பா வந்தார்.

நெற்றியில் ஒற்றை ரூபாய், மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு. பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தம்பி கமலின் கை வந்து உதட்டில் அரிசியைப் போட்டது. கை விலகியதும், கட்டுக்கு அடியில் தாடை அசைந்தது. சாம்பல் நிற உதடு பிரிந்தது. உள்ளே பல்லில்லாத ஈறு, கொழகொழவென்று மஞ்சள் நீர், அதில் ஒட்டிய அரிசி. மென்றார். தொண்டை ஏறி இறங்கியது. அடுத்த கை வந்தது. அதையும் மென்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்ற அப்பாவைப் பார்த்தா இந்த அருவருப்பு என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னாலேயே வந்தது. அய்யோ, உயிரோடு புதைத்துவிட்டார்களா?

"யம்மா! அப்பா போயிட்டாருன்னு நல்லா பாத்தீங்களா?"

அம்மா அம்சா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாமா கேக்குற நீ? டாக்டரு வந்து பாத்துட்டு தான் சொன்னாரு. உனக்கோசரம் ரெண்டு நாளு ஐஸ் பொட்டில வெச்சினு இருந்தோம். வாடையே வந்துட்சி."

"வாய்க்கரிசி போடசொல்ல அசைஞ்சாரா?"

"பைத்தியம் கியித்தியம் புட்ச்சிட்ச்சா? செத்த பொணம் அசையுமா? ஊரே போட்டுச்சி. நீ ஒருத்தி தான் போடல." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஊர் முழுக்கப் போட்டு முடித்தது. படம் அங்கே முடிந்திருக்க வேண்டும். பாக்கெட்டுகள் வந்துகொண்டே இருந்தன.

பந்தல் இல்லை. ஆட்கள் இல்லை. வாய் மட்டும். திரை முழுக்க. திறந்தபடி.

நிறுத்தினாள். நிற்கவில்லை. அறையில் நாற்றம் வந்தது. ஐஸ் பெட்டித் தண்ணீரில் ஊறி அழுகிய மாலையின் நாற்றம்.

திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. பெண்ணின் கை. நேற்று அவள் பூசிய அதே நகச்சாயம். அரிசி இல்லை. வெறும் கை.

சுகாசினி தன் வலது கையைத் தேடினாள். மவுஸ் மேல் இல்லை. மடியில் இல்லை. மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. அதற்கு மேல் திரைக்குள் போயிருந்தது. உள்ளே ஜில்லென்று இருந்தது. அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. ஈறுகள் மெதுவாக மூடின. வழுவழுத்த நாக்கு, ஒரு மணி அரிசிகூட இல்லாத அவள் விரல்களை, ஒவ்வொன்றாக நக்கித் தேடிக்கொண்டிருந்தது.