சிவப்புத் துணி கட்டிய இரண்டு கழிகள்

“மொத்தம் அஞ்சு சிவப்புத் துணி. எல்லாம் கரையிலதான் கட்டியிருக்கு. யாரு நெறைய கொண்டு வாறீங்களோ அவங்களுக்குத்தான் புதையல் பெட்டி! ஓடுங்க!” என்றார் பியாட்ரிஸ். அந்தக் கடலோர விடுதியை நடத்துகிறவர் அவர்தான்.

மதுரையிலிருந்து வந்திருந்த அபர்ணாவும் தம்பி இளமாறனும் பாய்ந்தார்கள்! பனங்காட்டில் ஒரு துணி சிக்கியது. மணல்மேட்டில் இன்னொன்று. மற்ற மூன்றையும் சென்னைக் குடும்பம் ஒன்று தட்டிக்கொண்டு போய்விட்டது. தோற்றுப்போனால் அபர்ணாவுக்குச் சோறு இறங்காது. கோபத்தோடு தம்பியையும் இழுத்துக்கொண்டு விடுதியின் துடுப்புப் படகில் ஏறினாள்.

கடலுக்குள் கொஞ்ச தூரத்தில் இரண்டு கழிகள். இரண்டிலும் சிவப்புத் துணி!

“அக்கா, கரையிலதான்னு சொன்னாங்களே. அதுவும் அஞ்சுதானே?”

“சும்மா வாடா! நீ அதைப் பிடுங்கு, நான் இதை!”

ஈர முடிச்சு அவிழவில்லை. கழியோடு பிடுங்கிக்கொண்டு கூச்சலிட்டபடி கரைக்கு வந்தார்கள். பியாட்ரிஸின் முகம் வெளிறியது.

“ஐயோ பிள்ளைகளா! இது படகு வார வழிக்கு நட்ட கழி. ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ள பாறை. மீன் பிடிக்கப் போன மிக்கேல் அண்ணன் திரும்புற நேரமாச்சே!”

தொலைவில் மிக்கேலின் வள்ளம் தெரிந்தது. “நில்லுங்க!” என்று பியாட்ரிஸ் கத்துவதற்குள் இருவரும் கழிகளோடு படகில் பறந்தார்கள். இளமாறன் தான் பிடுங்கிய இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, பாறைமேல் மார்பளவு நீரில் நின்றான். அபர்ணா தேடினாள். இங்கேயா? அங்கேயா? பிடுங்கும்போது துணியைத்தான் பார்த்தாளே தவிர இடத்தைப் பார்க்கவில்லை! குத்துமதிப்பாக ஒரு பாறைமேல் ஏறி, கழியை உயர்த்திப் பிடித்தாள்.

கழிகளைக் காணாமல் வேகத்தைக் குறைத்திருந்த மிக்கேல், இரண்டு துணிகளையும் பார்த்ததும் முகம் மலர்ந்து அவற்றுக்கு நடுவே நேராக வந்தார்.

தடால்!

வள்ளத்தின் அடி பிளந்தது. அன்றைய மீன் முழுக்கக் கடலில் கொட்டியது. மிக்கேல் நீந்தி வந்து, முதல் வேலையாகப் பிள்ளைகள் இருவரையும் அவர்கள் படகில் ஏற்றிக் கரை சேர்த்தார்.

“மாமா, தப்பு என் மேலதான். அது கரையில இல்லைன்னு தெரிஞ்சேதான் பிடுங்கினேன்” என்று அழுதாள் அபர்ணா.

மிக்கேல் தலையைத் துவட்டிக்கொண்டார். “கழி இல்லன்னதும் அங்கனயே நின்னுருப்பேம்மா. பிள்ள கையில துணியைப் பாத்தேன். சரியாத்தான் இருக்கும்னு வந்துட்டேன்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. பெட்டி சென்னைக் குடும்பத்துக்குப் போயிற்று. அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மறுநாள் காலை மிக்கேலோடு போய், அந்தக் கழியைத் தன் கையாலேயே நட்டாள். நேற்று அவள் நின்ற இடத்திலிருந்து அது எட்டடி தள்ளி இருந்தது. இப்போது அந்த இடம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கரையில் பிளந்து கிடந்த வள்ளத்துக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.