கறுப்பு டேப் ஒட்டிய கேமரா

ஞாயிறு, காலை 9.40.

மருந்துக்கடைக்காரர் பாழடைந்த கோட்டையின் காவல் கோபுரத்தடியில் குப்புறக் கிடந்தார். உயிர் எப்போதோ போயிருந்தது. கோபுரத்து உச்சியில் அவருடைய கேமரா மட்டும் முக்காலியில் ஆற்றைப் பார்த்தபடி நின்றது.

இன்ஸ்பெக்டர் அம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கையுறையோடு பொத்தானை லேசாக அழுத்தி, கேமராவில் பேருக்கு ஒரு கண் வைத்தார். ஆறு, படகுத்துறை, அக்கரை மரங்கள், ஓரத்தில் பொடி எழுத்துகள். எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. நல்ல கேமராதான் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். நகர்ந்திருக்கக் கூடாது, ஆனால் அவருக்கும் அன்றைக்கு ஆயிரம் வேலை.

இறந்தவரின் சட்டைப் பையில் ஒரு கெட்டிக் கூடு இருந்தது. உள்ளே சோடாபுட்டிக் கண்ணாடி, கீறல்கூட விழாமல்.

கூட வந்தவர்கள் மூன்று பேர். வாத்தியார், பல் டாக்டர், மருந்துக்கடையைக் கூடவே இருந்து கவனிக்கும் மருமகன். ஞாயிறு பிறந்தால் நால்வருக்கும் வீடு தங்காது. பூங்கா, பாழுங்கோட்டை, ஆற்றங்கரை ஊர் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்குள் ஒரு கிறுக்குச் சட்டம் உண்டு. வீடு திரும்பும்வரை எடுத்த படத்தை யாரும் பார்க்கக் கூடாது. அதற்காக வாத்தியார் வேனிலேயே எல்லாக் கேமராவின் பின்திரையிலும் கறுப்பு டேப் ஒட்டி, மேலே கையெழுத்தும் போட்டுவிடுவார். இந்தக் கேமராவிலும் ஒட்டியிருந்தார். டேப் பிரியவில்லை, கையெழுத்து கலையவில்லை.

வாத்தியாரும் டாக்டரும் கோபுரத்தில் ஏறவே இல்லை. காலையிலிருந்து படகுத்துறை டீக்கடையில் ஒன்றாகவே இருந்தார்கள். மருமகன் எட்டு மணிக்கு இறங்கி வந்து சேர்ந்தான். மாமா படகைப் படமெடுக்கக் காத்திருக்கிறார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார் என்று சொன்னான். கேமராவில் இருந்த படங்களும் அதற்கு ஒத்து ஊதின. எட்டேகாலிலிருந்து ஒன்பது வரை வரிசையாகப் படங்கள், எல்லாவற்றிலும் படகு போவதும் வருவதும். அந்த நேரம் முழுக்க மூவரும் ஒரே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்ததைக் கடைக்காரரே பார்த்திருந்தார்.

ஆக, மேலே அவர் தனியாகத்தான் இருந்திருக்கிறார். காரணத்துக்கும் பஞ்சமில்லை. முந்தின வாரம் அவர் கடையில் வாங்கிய இருமல் மருந்தைக் குடித்த ஒரு குழந்தை இறந்துபோயிருந்தது. திங்களன்று அதிகாரிகள் விசாரணைக்கு வருவதாக இருந்தது. மானம் போகுமுன் மனிதர் குதித்துவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. மேலிடமும் கோப்பை மூடச் சொல்லிவிட்டது.

செவ்வாய், காலை 11.00.

மருந்துக்கடைக்காரரின் ஒரே மகள் ஸ்டேஷனுக்கு வந்தாள். ஏழு மாத வயிறு. அம்மா இல்லாத பெண், அப்பாதான் எல்லாமும்.

"அப்பா குதிச்சுட்டார்னு எல்லாரும் சொல்றாங்க மேடம். பேரப்பிள்ளைக்குத் தொட்டில் வாங்கி வச்சுட்டுக் காத்திருந்தவர், என்னை அம்போன்னு விட்டுட்டுப் போவாரா? அப்பா என்னை விட்டுட்டுப் போகலைன்னு தெரிஞ்சா போதும். வேற எதுவும் வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் பேச்சை மாற்ற, அப்பாவுக்குக் கேமரா என்றால் உயிரோ என்று கேட்டார். அவள் அழுகைக்கு நடுவே சிரித்தாள். சின்ன வயதில் அப்பாவின் கேமராவில் ஆசையாகக் கண் வைத்தால் வெறும் பனிமூட்டம்தான் தெரியுமாம். அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்துவிட்டுத்தான் படம் எடுப்பார். கண் வைக்கும் இடத்தின் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். அதைத் தன் பார்வைக்குத் தகுந்தபடி கடைசிவரை திருப்பி வைத்திருப்பார். புதுக் கேமரா வாங்கினாலும் முதல் வேலை அதுதான். வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

"'இது என் கண்ணுக்கு அளந்து தச்ச சட்டை, உனக்கு எப்படிடி பொருந்தும்'னு கேப்பார்."

இன்ஸ்பெக்டருக்கு ஞாயிற்றுக்கிழமை கண்ட பளிச்சென்ற ஆறு நினைவுக்கு வந்தது. அவருக்குக் கண்ணாடி கிடையாது, பார்வை துல்லியம். பனிமூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டிய கண் அது.

அவள் போனதும் வாத்தியாருக்குப் போன் செய்தார். கேமரா தானாகவே விட்டுவிட்டுப் படம் எடுக்குமா? எடுக்கும் என்றார் வாத்தியார், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை என்று முதலில் பொடி எழுத்தைப் படித்து அமைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பின்திரையில் டேப் இருந்தால்?

"கண்ணு வைக்கிற இடத்துலயும் அதே எழுத்து வருமே" என்றார்.

கேமரா கைரேகைப் பிரிவுக்குப் போனது.

வெள்ளி, மாலை 5.00.

மருந்துக்கடைக்குப் பின்னால்தான் வீடு. கூடத்தில் மகள், மருமகன், வரச்சொல்லியிருந்த வாத்தியார். மூலையில் பிரிக்காத தொட்டில். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். இன்ஸ்பெக்டர் கேமராவை மகளிடம் நீட்டினார்.

"பாருங்கம்மா."

அவள் ஜன்னல் பக்கம் திருப்பிக் கண் வைத்தாள். "எதிர்வீட்டுக் கொடியில சட்டை காயுது. பட்டன்கூடத் தெரியுது." மெல்லக் கேமராவை இறக்கினாள். "அப்பா கேமராவுல எப்படித் தெரியும்?"

"யாரோ சக்கரத்தைத் திருப்பியிருக்காங்க. டேப்பைப் பிரிச்சா மாட்டிக்குவோம்னு, கண்ணு வச்சு எழுத்தைப் படிச்சிருக்காங்க. மங்கலா இருந்தா படிக்க முடியாது. உங்க அப்பா விழுந்தப்புறம் எடுத்த படங்கள்மா அதெல்லாம்."

மருமகன் குறுக்கிட்டான். "டேப் ஒட்டறப்ப வாத்தியார் கை பட்டிருக்கும்."

"பட்டிருந்தா உங்க மாமா திருப்பி வச்சுட்டுத்தான் படமெடுத்திருப்பார். அவருக்கப்புறம்தான் திருப்பியிருக்கு. சக்கரத்துல இருக்கறது உங்க கட்டைவிரல்."

அவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு கேட்காமலேயே கொட்டினான். காலாவதியான இருமல் மருந்துக்குத் தேதியை மாற்றி ஒட்டியது அவன்தான். மாமாவுக்கு அது தெரிந்துபோயிற்று. நாளைக்கு நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கோபுரத்தில் வைத்துக் கேட்டார்.

"குழந்தை பொறக்கறப்ப நான் ஜெயில்ல இருப்பேனேன்னு கால்ல விழுந்தேன் மேடம். கேக்கல. தள்ளணும்னு நினைச்சு ஏறல."

"இருக்கலாம். ஆனா தள்ளினப்புறம் கீழே ஓடி அவரைப் பார்க்கல. நின்னு நிதானமா எழுத்துப் படிச்சிருக்கீங்க."

அவனை வேனில் ஏற்றினார்கள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. வாத்தியார் தன் செருப்பைத் தேடுவதுபோல் வாசலில் குனிந்து அழுதார்.

இன்ஸ்பெக்டர் கேமராவை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுத்துவிட்டாள்.

"அப்பா என்னை விட்டுட்டுப் போகலைன்னு தெரிஞ்சா போதும்னு நான்தானே மேடம் கேட்டேன்?"

"ஆமாம்மா."

"சக்கரத்தைப் பத்திச் சொன்னதும் நான்தான்." வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "தெரிஞ்சுடுச்சு. இனி இதை வச்சுக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் என்ன பண்றது?"

இன்ஸ்பெக்டர் கேமராவைப் பையில் வைத்து முத்திரை போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார்.