பனிவீட்டில் சொன்ன சொல்

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போவதை ஓய்வு என்று சொல்ல முடியாது. அதுவும் ஒரு வேலைதான். காரை நிறுத்த இடம் தேடுவதிலேயே அந்தக் குடும்பத்தின் பாதி உற்சாகம் தீர்ந்திருந்தது. நுழைவாயிலில் மாடி உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மரம், உடம்பெல்லாம் விளக்குகளோடு நின்றது. அதன் அடியில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்ட ஒருவர், ஒட்டுத் தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கிகளில் ஒரே மணியோசைப் பாட்டு முடிவதும் உடனே தொடங்குவதுமாக இருந்தது.

அந்தக் குடும்பத்துத் தாய் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டுச் செவிலி. இந்த ஒரு நாளுக்காக யார் யாருடனோ ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். வந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரிசையில் நிற்கிற முகங்களையெல்லாம் படுக்கையில் கிடக்கிற முகங்களாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்தத் தாத்தாவை ஏன் அப்படி முறைக்கிறீங்க?" என்றாள் கூட வந்திருந்த நாத்தனார்.

"முறைக்கல. கால் வீங்கியிருக்கு பாரு. உப்பைக் குறைக்கணும்."

"அண்ணா, அண்ணிக்கு லீவு கிடைச்சிருச்சுன்னு உனக்கு யார் சொன்னது?"

கணவன் சிரித்துவிட்டு முன்னால் நடந்தான். அவன் குளிர்சாதன மெக்கானிக். மனைவியின் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் அது எங்கே போய் முடியும் என்பது அவனுக்குத் தெரியும். இந்தப் பூங்காவுக்கு மகளைக் கூட்டி வருவதாக அவள் சொன்ன விடுமுறைகள் எல்லாம் வார்டிலேயே கழிந்திருந்தன.

மகளுக்கு வீட்டில் மைனா என்று பெயர். விழித்திருக்கும் நேரமெல்லாம் அவளுக்கு வாய் ஓயாது. மற்றத் தாய்மார் பிள்ளைகளின் கையைப் பிடித்து நடந்தார்கள். செவிலியோ மைனாவின் மணிக்கட்டைப் பிடித்து நடந்தாள். தொழில் பழக்கம். விரல்கள் தாமாகவே நாடியின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சின்னத் துடிப்பு விரல் நுனியில் இருக்கும்வரை அவளுக்கு உலகத்தில் வேறு கவலை இல்லை.

பூங்காவின் கடைசி மூலையில், ஜன்னலே இல்லாத நீண்ட கட்டடமாகப் பனிவீடு இருந்தது. வாசலில் ஒரு பெண் எல்லாருக்கும் கம்பளிக் கோட்டு எடுத்துக் கொடுத்தாள். பெரியவர்களுக்கு நீலம், குழந்தைகளுக்குத் தலையை மூடும் தொப்பி வைத்த சிவப்பு. மாட்டிக்கொண்டதும் எல்லாக் குழந்தைகளும் ஒரே குழந்தையாகிவிட்டார்கள்.

"நான் வரலப்பா" என்றான் கணவன். "வாரம் முழுக்க அந்தக் குளிருக்குள்ளதான் கிடக்கேன். பின்பக்கம் போய் மெஷின் என்ன சைஸுன்னு பார்த்துட்டு வரேன்."

"பார்த்தீங்களா அண்ணி, அவருக்கும் டியூட்டிதான்" என்று நாத்தனார் பைகளோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

கனத்த ரப்பர்த் திரையை விலக்கித் தாயும் மகளும் உள்ளே போனார்கள்.

உள்ளே நீல விளக்குகள் மங்கலாக எரிந்தன. நனைந்த கம்பளியின் வாடையோடு, நெடுநாள் கழுவாத குளிர்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்தப் பழம்பனியின் வாடையும் மூக்கில் ஏறியது. வெளியே ஓடிய பாட்டு சுவருக்கு அப்பால் தண்ணீரில் முங்கியதுபோல் கேட்டது. வெள்ளைக் கரடிகளும் சறுக்கு மேடும் பனிக்கட்டியால் கட்டிய குகை ஒன்றும் இருந்தன.

"அம்மா, இந்தக் கரடிக்கு ஒரு கண்ணு இல்ல. அம்மா, கரடிக்குச் சளி பிடிக்குமா? பிடிச்சா நீ ஊசி போடுவியா?"

"போடுவேன். உனக்கும் சேர்த்து."

"நான் சறுக்கப் போறேன். நீ இங்கயே நில்லு. போன் பேசக்கூடாது."

மைனா கையை உருவிக்கொண்டு சறுக்கு மேட்டை நோக்கி ஓடினாள். சிவப்புக் கோட்டுகளின் நடுவே ஒரு சிவப்புக் கோட்டு கலந்தது.

அப்போது விளக்குகள் அணைந்தன.

கூட்டம் முதலில் சிரித்தது. இதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்தது. பிறகு சிரிப்பு தேய்ந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள் எழுந்தன. செவிலி இருட்டில் கையை நீட்டி, தாழ்ந்த குரலில் மகளை அழைத்தாள்.

ஒரு மணிக்கட்டு அவள் கைக்குள் வந்து சேர்ந்தது.

தான் பிடித்தோமா, அது தானாக வந்ததா என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. கம்பளி விளிம்பு, மெல்லிய எலும்பு, சில்லிட்ட தோல். விரல்கள் பழகிய இடத்தைத் தேடிப் போய் நின்றன.

துடிப்பு இல்லை.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தொடுகிற விரலும் மரத்திருந்தால் நாடி தட்டுப்படாது. புதிதாக வரும் மாணவிகளுக்கு அவளே பல தடவை சொல்லிக்கொடுத்த பாடம் இது. வேறொரு தாயாக இருந்தால் அந்த இடத்திலேயே அலறியிருப்பாள். பாடம் தெரிந்ததனால் இவள் அலறவில்லை.

"பயப்படாத. அம்மா பிடிச்சிருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டே, சுவரைத் தடவித் தடவி வாசலுக்கு நடந்தாள்.

மைனா பதில் சொல்லவில்லை. அதுவும் அவளுக்கு உறைத்தது. பயத்தில் வாயடைத்திருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

வாசல் திரைக்கு அருகே கூட்டம் நெரிந்தது. வெளியிலிருந்து வந்த வெளிச்சக் கீற்றில் எல்லார் வாயிலிருந்தும் புகைபோல் மூச்சு வெளிவந்துகொண்டிருந்தது. பெரியவர்கள், குழந்தைகள், அவள், எல்லார் வாயிலிருந்தும்.

அவள் கையிலிருந்த குழந்தையின் தொப்பிக்குள்ளிருந்து எதுவும் வரவில்லை.

வெளியே வந்ததும் நாத்தனார் எழுந்து ஓடி வந்தாள். "கரெண்டு போயிருச்சாமே. பயந்தே போயிட்டேன். மைனா எங்க?"

"இதோ."

நாத்தனார் குனிந்து தொப்பிக்குள் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"அண்ணி. யார் இது?"

அது ஒரு குழந்தையின் முகம்தான். அழுகையில்லை, காயமில்லை, கோரம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. யாரோ வந்து கூட்டிப்போவார்கள் என்று நெடுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம். வார்டில் அவள் தினமும் பார்க்கிற முகம். ஆனால் அவள் மகளின் முகம் இல்லை. வெயிலில் நின்றும், அதன் கண்ணிமைகளில் ஒட்டியிருந்த பனி கரையவில்லை.

செவிலி கையை விட்டாள்.

கை விடுபடவில்லை. சின்ன விரல்கள் இப்போது அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தன.

கோட்டு கொடுக்கிற பெண் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். குழந்தையின் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

"சத்தம் போடாதீங்க, மேடம்" என்று கிசுகிசுத்தாள். "உங்க பாப்பா உள்ளதான் இருக்கும். இதைத் திரும்ப உள்ள கொண்டு விட்டுட்டு, உங்க பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

"யாரோட குழந்தைம்மா இது? ஆபீஸ்ல சொல்லி..."

"சொல்லிப் பார்த்தாச்சு மேடம். போன வருஷமும் இதே லீவுலதான்..." நாத்தனார் கூடவே கிளம்பியதைப் பார்த்து அவள் குறுக்கே கையை நீட்டினாள். "நீங்க இருங்க. கூட்டமாப் போனா விடாது." பிறகு செவிலியிடம் இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஒண்ணு மட்டும். அதுகிட்ட எதுவும் பேசாதீங்க. என்ன கேட்டாலும் பேசாதீங்க."

செவிலி ரப்பர்த் திரையை விலக்கினாள்.

உள்ளே இப்போது யாரும் தென்படவில்லை. நீல விளக்கு ஒன்று மட்டும் உயிர் வந்து, போய், மறுபடி வந்துகொண்டிருந்தது. பாட்டு கேட்கவில்லை. அவள் காலடியில் பனி நொறுங்கும் ஓசை கேட்டது. பக்கத்தில் நடந்த காலடியில் ஓசையே எழவில்லை.

ஒற்றைக் கண் கரடியைத் தாண்டியதும் ஒரு குரல் வந்தது. குகைக்குள்ளிருந்து, ஓயாமல், மெதுவாக.

"...எங்க அத்தைக்குக் கார்ல வாந்தி வரும். அதனால முன்னாடிதான் உக்காருவாங்க. பின்னாடி நானும் அம்மாவும். நடுவுல இடம் இருக்கும்..."

மைனா குகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"மைனா. எழுந்திரு. வா."

"முடியலம்மா. இவ விடமாட்டேங்கிறா."

செவிலி குனிந்து பார்த்தாள். தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த குழந்தையின் மற்றொரு கை, மகளின் கோட்டு நுனியைப் பற்றியிருந்தது. எப்போது பற்றியது என்று தெரியவில்லை. அவள் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். ஒன்றைப் பிரித்தால் மற்றொன்று மடங்கியது. மைனாவின் கண்கள் செருகத் தொடங்கின. பேச்சு குழறி, வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. குளிர் உடம்புக்குள் எவ்வளவு தூரம் போயிருந்தால் அப்படிப் பேச்சு குழறும் என்பது செவிலிக்குத் தெரியும்.

மைனா பேச்சை நிறுத்தினாள்.

அப்போது அந்தக் குழந்தை முதல் முறையாக வாயைத் திறந்தது.

"நானும் வரட்டா?"

பேசாதீர்கள் என்று அந்தப் பெண் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் இரவும் பகலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள் அவள். சேலை நுனியையும் கைவிரலையும் பிடித்துக்கொண்டு விடாத குழந்தைகளிடம் ஒவ்வொரு வார்டிலும் சொல்லப்படுகிற பதில் ஒன்று உண்டு. மருந்துத் தட்டோடு அடுத்த கட்டிலுக்கு நகர்வதற்காகச் சொல்வது. சொல்லி முடித்ததும் சொன்னவருக்கே மறந்துபோவது. அது தானாக அவள் வாயில் வந்தது, வார்டில் பேசும் அதே கனிந்த குரலில்.

"நீ சமத்தா இங்கயே உக்காரு, கண்ணு. இவளை விட்டுட்டு இதோ வரேன். உன்னையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

விரல்கள் தளர்ந்தன.

ஒவ்வொன்றாக, நம்பிக்கையோடு.

அவள் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அழுகையும் இல்லை, ஓட்டமும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு குழந்தை சமத்தாக உட்கார்ந்திருக்கும் அமைதி மட்டும் இருந்தது.

வெளியே கோட்டைக் கழற்றித் தன் துப்பட்டாவைச் சுற்றி, கையையும் காலையும் தேய்த்தபோது மைனாவின் கன்னத்தில் மெல்ல நிறம் திரும்பியது. நாத்தனார் அழுதுகொண்டே சூடான பாலை ஊதி ஊதிப் புகட்டினாள். கோட்டு கொடுக்கிற பெண் அருகில் வந்து நின்றாள்.

"அதுகிட்ட ஏதாவது சொன்னீங்களா, மேடம்?"

"இல்ல" என்றாள் செவிலி.

அந்தப் பெண் அவள் முகத்தையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு சிவப்புக் கோட்டுகளை மடிக்கப் போய்விட்டாள்.

பொழுது சாயும் முன்பே கிளம்பிவிட்டார்கள். கணவனிடம் விளக்கு அணைந்ததையும் மகள் கூட்டத்தில் தவறியதையும் மட்டும் சொன்னாள். மீதியை வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நாத்தனாருக்குக் கண்ணால் காட்டினாள். நாத்தனார் வழக்கம்போல் முன்னால் உட்கார்ந்தாள். மைனா பின் இருக்கையில் ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலை ஒட்டிப் போய் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள்.

"பக்கத்துல வாடா" என்றாள் செவிலி.

"வேணாம்மா. இங்கயே இருக்கேன்."

வெளியேறும் கார்களின் வரிசை ஊர்ந்தது. செவிலி கையை நீட்டி மகளின் மணிக்கட்டைத் தொட்டாள். துடிப்பு இருந்தது. சற்று வேகமாக, தெளிவாக, தன் மகளுடையதாக. அவள் கண்ணை மூடி மூச்சு விட்டாள். கொண்டு வந்தாகிவிட்டது. அது போதும்.

"உள்ள நிஜமாவே அவ்வளவு குளிரா?" என்று கேட்டான் கணவன்.

"ஏன்?"

"பின்பக்கம் போனேன்ல. குளிரூட்டுற மோட்டார் எரிஞ்சு காலையிலேயே நின்னு போச்சாம். ரெண்டு பேர் எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருந்தாங்க. காத்தாடி மட்டும்தான் ஓடுதுன்னு சொன்னாங்க."

வரிசை விலகியது. கார் பெரிய சாலையில் ஏறி வேகமெடுத்தது.

டிங். டிங். டிங்.

"யாரு பெல்ட் போடல?" கணவன் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மின்னிய எச்சரிக்கை விளக்கைப் பார்த்தான். "பின் சீட்டுல நடுவுல காட்டுது. பையை வெச்சிருக்கியா? கீழ எடுத்து வை."

"பை என் மடியிலதான் இருக்கு அண்ணா" என்றாள் நாத்தனார். அவள் பின்னால் திரும்பவில்லை.

செவிலி தனக்கும் மகளுக்கும் நடுவிலிருந்த இருக்கையைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கையை வைத்துப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

டிங். டிங். டிங்.

"இந்த சென்சார் ஒண்ணு" என்று கணவன் முணுமுணுத்தான்.

மைனா ஜன்னலிலிருந்து திரும்பினாள். நடு இருக்கையின் பெல்ட்டை மெதுவாக இழுத்தாள். இடிக்காமல், நசுக்காமல், யாரையோ சுற்றிக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்து பூட்டினாள்.

ஓசை நின்றது.

"சமத்து" என்றான் கணவன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பூட்டிய பெல்ட் காலி இருக்கையின் மேல் தொய்ந்து விழவில்லை.