தலை ரோஸ், உடம்பு கறுப்பு

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன். பொய்யென்றால் நான் குடிக்கிற காப்பியில் ஆயுசுக்கும் சர்க்கரை கரையாமல் போகட்டும்.

தொண்ணூறுகளில் ஒரு பங்குனி மாதம். மாலை ஏழே கால்.

கோவில்பட்டி போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது!

"சார்... எங்க மொதலாளி செத்துக் கெடக்காவ சார்..."

பேசியவள் சந்தனமாரி. சோளக்குருவி மார்க் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள்.

முதலாளி பூவனநாதன் மேஜைமேல் கவிழ்ந்திருந்தார். மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த பித்தளைப் பேப்பர் வெயிட். ஆறு மணிக்கு அவள் டீ வைத்துவிட்டுப் போனபோது உயிரோடு இருந்தார். ஏழு மணிக்கு டம்ளர் எடுக்க வந்தபோது இல்லை.

மேஜையில் பிரித்த கடிதம் ஒன்று கிடந்தது. எழுதியவர் ராஜமணி. தபால் ஆபீஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற உத்தியோகம்.

கவரில் தபால்தலை இல்லை. போஸ்ட் ஆபீஸ்காரன்தானே, ஓசியில் அனுப்பியிருப்பான் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை...

ராஜமணி ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தார். கழுத்தில் பைனாகுலர். வலது கால் தையல் மிஷின் மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டே இருந்தது. கையால் அமுக்கிப் பார்த்தார். கையும் சேர்ந்து ஆடியது.

அதே பெஞ்சின் மறுகோடியில் மணிகண்டபிரபு. செத்தவரின் அக்காள் மகன். பிள்ளையில்லாத பூவனநாதன் தீப்பெட்டி ஆபீஸை அவன் பேருக்குத்தான் உயில் எழுதியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் வேலூர்க்காரர். மாற்றலாகி வந்து பதினோரு நாள் ஆகிறது.

"யோவ் ராஜமணி, அந்த ஆளுக்கு எத்தனை லெட்டர் போட்டே?"

"பத்தொம்பது, சார்."

"காதல் கடுதாசியா?"

"லேபிள்ல குருவி தப்பா இருக்கு. திருத்தச் சொல்லி எழுதுனேன். பதினோரு வருசமா எழுதுதேன்."

மணிகண்டபிரபு குறுக்கே விழுந்தான். "மாமா ஒண்ணையும் பிரிச்சதில்ல சார். அப்படியே குப்பையில போட்டுருவாவ."

"நீ உன் முறை வந்தா பேசு. ராஜமணி, நேத்து ஆறுலேருந்து ஏழு வரைக்கும் எங்கே இருந்தே?"

"நகராட்சிப் பூங்காவுல. வாகை மரத்தடியில சோளக்குருவி பாத்துக்கிட்டிருந்தேன். பங்குனியில வடக்க திரும்பிப் போறதுக்கு முந்தி கூட்டங்கூட்டமா வந்து அடையும். வானமே தெரியாது சார்."

"சாட்சி?"

"குருவிதான்."

மணிகண்டபிரபு எழுந்தே விட்டான். "நானும் அங்கனதான் சார் இருந்தேன். அந்தக் கூட்டத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப ஒருத்தரை ஒருத்தர் பாத்தீங்களா?"

"இல்ல சார்." இரண்டு வாயும் ஒன்றாகச் சொன்னது.

"நானும் அந்தப் பூங்காவைப் பாத்தேன்யா. அஞ்சு பெஞ்சு, ஒரு சறுக்கு மரம். அதுல காணாமப் போக அது என்ன கொடைக்கானலா? ஒருத்தன் புளுகுறான். புளுகுறவன்தான் கொலைகாரன்!"

ஆளுக்கொரு தாளை நீட்டினார்.

"குருவிக்குத் தலை என்ன கலர், உடம்பு என்ன கலர்? எழுதுங்க."

ராஜமணியின் கால் இன்னும் வேகமாக மிதித்தது. பேனா இரண்டு தரம் நழுவியது. கழுத்து தப்புவதும் தொங்குவதும் இரண்டே இரண்டு நிறத்தில் இருந்தது.

ராஜமணி எழுதியது: தலை கறுப்பு, உடம்பு ரோஸ்.

மணிகண்டபிரபு எழுதியது: தலை ரோஸ், உடம்பு கறுப்பு.

"யோவ் ஏட்டு!"

ஏட்டு நல்லக்கண்ணு வந்து விறைத்து நின்றார். புதூர்ப் பக்கம் சோளம் விதைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை.

"சோளக்குருவி என்ன கலருய்யா?"

"தலை கறுப்பு, உடம்பு ரோசு, சார். சின்னப் பிள்ளையில எங்க காட்டுல தகரத்தத் தட்டி வெரட்டி வெரட்டி கையே காச்சுப் போச்சு. ஆனா சார், இந்த வருசம்..."

"கலரைத்தான்யா கேட்டேன்."

"சரி சார்."

ராஜமணியின் கால் முதல் தடவையாக நின்றது.

"சார்கிட்ட தீப்பெட்டி இருக்கா?"

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து எடுத்தார். சோளக்குருவி மார்க். லேபிளில் இருந்த குருவிக்கு...

தலை ரோஸ். உடம்பு கறுப்பு!

"அச்சடிக்கும்போது ரெண்டு மையையும் மாத்திப் போட்டுட்டான் சார். பத்து லட்சம் லேபிள் வந்து எறங்கிட்டு. திருத்துனா டூப்ளிகேட்னு கடைக்காரங்க திருப்பி அனுப்பிருவாங்கன்னு மொதலாளி அப்படியே விட்டுட்டாவ. தம்பி பூங்காவுல குருவி பாக்கல. மாமா பெட்டியிலதான் பாத்திருக்கு."

மணிகண்டபிரபு இன்ஸ்பெக்டரின் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், நெசத்தச் சொல்லுதேன். நேத்து கயத்தாறுல ஒரு வீட்டுல இருந்தேன்."

"யார் வீடு?"

வாயை மூடிக்கொண்டான். சொன்னால் அந்த வீட்டு லாரி டிரைவர், கோர்ட்டு தூக்குப் போடும்வரை காத்திருக்கமாட்டார்.

விலங்கு பூட்டிக்கொண்டது.

"மன்னிச்சுக்குங்க. போய் உங்க குருவியைப் பாருங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

ராஜமணி பைனாகுலரைத் துடைத்தார்.

"லேபிளை மட்டும் மாத்தச் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

அடுத்த மாதமே செத்தவரின் மனைவி மீனாட்சியம்மாள் மாற்றிவிட்டாள். தலை கறுப்பு, உடம்பு ரோஸ். ராஜமணி இரண்டு டஜன் வாங்கினார். அவர் பீடிகூடப் பிடிக்கிறவர் இல்லை.

ஏட்டு நல்லக்கண்ணு சொல்லவந்து விழுங்கிய ஒரு தகவல் மட்டும் பாக்கி.

அந்த வருஷம் மழை அடியோடு பொய்த்து, சோளம் விளையாமல் கரிசல் முழுக்கத் தரிசாகக் கிடந்ததால், கோவில்பட்டிப் பக்கம் ஒரு சோளக்குருவிகூட வரவே இல்லை.