காற்று மாறும் நேரம்

படத்தில் டில்லியின் தோள்மேல் ஒரு கை இருந்தது.

அந்தப் படத்தை எடுத்ததே கெரின்தான். போன வாரம் கொல்லைப்புறத்து எலுமிச்சை மரத்தடியில் பதிமூன்று வயது மகள் தனியாக நின்று பல்லைக் காட்டினாள், பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. இப்போது முன்பின் தெரியாத ஒருத்தியின் இணையப் பக்கத்தில் அதே படம், அதே மரம், அதே சிரிப்பு. தோளில் மட்டும் ஒரு வெளுத்த கை. கீழே 'என் போசம்' என்று எழுதியிருந்தது.

கூரைக்குள் இரவெல்லாம் உருளும் போசம் என்ற மரவிலங்கு போலக் குழந்தையில் தூங்காமல் படுத்திய மகளுக்குக் கெரின் வைத்த செல்லப்பெயர் அது. வீட்டுக்கு வெளியே அவள் அதைச் சொன்னதே இல்லை. ஏதோ ஒரு வீடியோவில் பின்னாலிருந்து அவள் கூப்பிட்டது கேட்டிருக்க வேண்டும். முதலில் வந்தது பயமில்லை, பொறாமை. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"யாருடி இவ?"

"தெரியல மா. நான் என்ன போட்டாலும் ஹார்ட் போடுவா."

"உன்னைத் தொட்டுக்கிட்டு நிக்கறா."

"எடிட் பண்ணியிருப்பா. அவளாவது என்கூட போட்டோல நிக்கறாளே."

குத்தியது. கணக்குத் தொடங்க விட்டபோதே கெரின் கறாராகச் சொல்லியிருந்தாள்: பள்ளிச் சின்னம் தெரியக்கூடாது, வீட்டு எண் தெரியக்கூடாது, என் மூஞ்சி எதிலும் வரவே கூடாது. டில்லி சொன்னபடியே கேட்டாள். பிறந்தநாள் கேக்கை நீட்டும் கைகள் இருக்கும், கடற்கரையில் பக்கத்தில் ஓர் உடம்பு இருக்கும், கழுத்துக்கு மேலே படம் வெட்டப்பட்டிருக்கும். அம்மாவின் இடம் எல்லாப் படத்திலும் காலியாகவே கிடந்தது. எவளோ அதைப் பார்த்துவிட்டாள்.

கெரின் மகளின் கணக்கைப் பூட்டினாள், கடவுச்சொல்லை மாற்றினாள், அந்தப் பெண்ணைத் தடுத்தாள். சுரங்க வேலைக்கு மேற்கே போயிருந்த கணவன் க்ளென் போனில், புகார் கொடுத்தாயிற்றல்லவா, இனி விடு, இந்த வெயிலில் யாருக்கும் மூளை ஒழுங்காக வேலை செய்யாது என்றான். அதுவும் உண்மைதான். பெண்டிகோ நகரம் நாலைந்து நாளாக வெந்துகொண்டிருந்தது. திரையை இழுத்து, கதவுகளை அடைத்து, சூடேறிய கம்பள நாற்றத்திலும் தகரக் கூரை படபடக்கும் ஓசையிலும் ஊரே முடங்கிக் கிடந்தது. எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: மாற்றம் எப்போது? தெற்கிலிருந்து குளிர்காற்று திரும்புவதற்கு அங்கே அதுதான் பெயர். வெறும் மாற்றம்.

தடுத்த பக்கம் மறுநாளும் கெரினின் போனில் திறந்தது. புதுப் படங்கள். ஒன்றில் அந்தப் பெண்ணின் முழங்கை, அடுத்ததில் தோள்வரை வெட்டிய பழுப்பு முடி. கெரினின் முடியும் அதே நீளம், அதே நிறம். முகம் மட்டும் எதிலும் இல்லை. கடைசியாக ஒரே ஒரு வரி: 'மாற்றத்துக்காகக் காத்திருக்கிறேன்.'

அன்று ஊரில் பாதிப்பேர் எழுதிய வரிதான் அது. மாற்றாந்தாய் என்று நம் மொழியில் ஒரு சொல் இருப்பது பாவம், கெரினுக்குத் தெரியாது.

வெயில் சாயும் நேரத்தில் யூகலிப்டஸ் இலைகள் ஒரேயடியாகப் புரண்டன. வேலிக்கதவு அடித்துக்கொண்டது. நனைந்த புழுதியின் வாசனையோடு காற்று திரும்பியது. கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்த கெரின், தெருவெங்கும் ஜன்னல்கள் தடதடவென்று திறப்பதைக் கேட்டாள்.

"மா, மாற்றம் வந்துடுச்சு!" உள்ளே டில்லி ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே ஓடினாள்.

கொடியில் இரண்டு கிளிப்புகள் எதையும் பிடிக்காமல் ஆடின. அங்கேதான் தன் பச்சைக் கோடு போட்ட சட்டையைக் காயப்போட்டிருந்தாள். காற்று கொண்டுபோயிருக்கும் என்று தரையைப் பார்த்தாள். இல்லை. வேலியோரம் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

அப்போதுதான் போன கோடையில் டில்லி போட்ட வீடியோ நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்: மாற்றம் வந்தா எங்கம்மா வீட்டையே தொறந்து போட்டுடுவாங்க.

வாசல் கதவு.

"மா, ஐஸ் எங்க?" டில்லியின் குரல்.

கெரின் வாயைத் திறந்தாள்.

"கீழ் டிராயர்ல இருக்கு, போசம்."

சமையலறையிலிருந்து பதில் வந்தது. கெரினின் குரலில்.

துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்பக்கக் கொசுவலைக் கதவு உள்ளே கொக்கி போட்டிருந்தது. வலைக்கு அப்பால் பச்சைக் கோடு போட்ட சட்டை முதுகு ஒன்று. அதன் தோளில் டில்லி தலை சாய்த்திருந்தாள். தன்னிடம் அவள் அப்படிச் சாய்ந்து எத்தனை காலமாயிற்று. பயத்தின் நடுவிலும் கெரினுக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பெண் போனைக் கைநீட்டிப் பிடித்திருந்தாள்.

"டில்லி, கதவைத் தொற."

டில்லி திரும்பினாள். வலை வழியாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பார்வையில் எதுவுமே இல்லை.

"மா," என்றாள், பக்கத்தில் இருந்தவளிடம். "வெளிய யாரோ நிக்கறாங்க."

கெரினின் பையில் போன் அதிர்ந்தது. புதுப் படம். கன்னத்தோடு கன்னம் வைத்து இருவர். முதல் தடவையாக அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது.

கெரினின் முகம்.

அவர்களுக்குப் பின்னால், வலைக்கு வெளியே, ஓர் உடம்பு நின்றது. கையில் போன். வழக்கம்போல, கழுத்துக்கு மேலே படம் வெட்டப்பட்டிருந்தது.