ஜெனிஃபர் கட்டிய மூட்டை

பஸ்ஸின் ஜன்னலோர சீட்டில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தது. அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரி பக்கத்து சீட்டில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள்.

"மேடம், அந்த சீட்டு..." என்றான் மதியழகன்.

"ஆள் இருக்கு."

"அது சி.பி.யுங்க!"

"அதக்கூ டிக்கெட் தகொள்ளிம்மா" என்று கண்டக்டர், அதற்கும் டிக்கெட் வாங்கச் சொல்லிக் கன்னடத்தில் கிண்டல் செய்தார். அவள் சிரிக்காமல் இன்னொரு டிக்கெட் வாங்கினாள். "இப்போ ஆள்தானே?" என்று நிமிர்ந்தாள்.

அந்தக் கண்கள்! இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது... மதியழகன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பஸ் இன்னும் கிளம்பவே இல்லை.

மதியழகன் லேசுப்பட்டவன் அல்ல. கம்ப்யூட்டரை இயக்கும் இலவச லினக்ஸில் மென்பொருளை எப்படிப் பொட்டலம் கட்ட வேண்டும் என்று மெயில் மேல் மெயில் எழுதிப் போராடும் அணி ஒன்றுக்கு அவனே தலைவன். அவன் மெயிலைப் படித்து மனம் மாறியவர் எவருமில்லை, மெயில் முகவரியை மாற்றியவர்கள் உண்டு. அவனுடைய கொள்கை இதுதான்: மென்பொருள்களுக்குத் தேவையான லைப்ரரிகள், அதாவது துணை நிரல்கள், கம்ப்யூட்டரில் பொதுவாக இருக்கும். எல்லாரும் அவற்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தனக்கென்று தனி மூட்டை தூக்கி வருவது அநாகரிகம்.

"லினக்ஸ் கூட்டத்துக்கா?" என்றான், குரலைக் கனமாக்கிக்கொண்டு. அவனும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தான்.

"ஆமா. தமிழ்ல டைப் பண்ற சாஃப்ட்வேர் செஞ்சிருக்கேன். எந்த வகை லினக்ஸ்லயும் ஓடும். வேணுங்கிற லைப்ரரி எல்லாம் ஒரே ஃபோல்டர்ல."

அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "கல்யாணமாகி வர்ற பொண்ணு அடுப்பையும் தூக்கிட்டா வருவா?"

"போற வீட்ல அடுப்பு இருக்கான்னே தெரியலைன்னா? தூக்கிட்டுத்தான் வரணும் சார்."

அவளே விளக்கினாள். பெயர் ஜெனிஃபர், சொந்த ஊர் கே.ஜி.எஃப். அங்கே தங்கச் சுரங்கம் மூடி இரண்டு வருஷமாகிறது. அவர்கள் தொழிலாளர் லைனிலுள்ள வாசகசாலைக்குக் கம்பெனிக்கு ஒன்றாகப் பழைய கம்ப்யூட்டர்களைக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகை லினக்ஸ், நெட் கிடையாது. வேலை போன அவள் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் தமிழில் மனு எழுத வேண்டும்.

"இன்னைக்கு கூட்டத்துல ஒத்துக்கிட்டா, அடுத்த ஞாயிறு ஆளுங்க வந்து எல்லாத்துலயும் போட்டுத் தருவாங்க. அப்பா வாசல்லயே நிப்பாரு, இன்னா ஆச்சுன்னு கேக்க..." என்றாள்.

மதியழகன் எதிர்வாதம் தேடினான். கிடைத்தது. ஆனால் சொல்ல மனம் வரவில்லை... அவன் வாழ்க்கையில் அது முதல் முறை!

கூட்டம் நடக்கவிருந்த கல்லூரி வகுப்பறையில் பெட்டியை மானிட்டரோடு இணைத்துவிட்டு, ஜெனிஃபர் துப்பட்டாவைப் பிழியப் போனாள். மதியழகன் தனியாக நின்றான். வேறு காதலனாக இருந்தால் ஒரு டீ வாங்கி வைத்திருப்பான். இவனுக்கோ, அவள் மென்பொருளைத் தன் முறைப்படி ஒழுங்காக நிறுவிக் காட்டினால் எப்படி மகிழ்வாள் என்று தோன்றியது. அதற்கு வேண்டிய புதிய பொது லைப்ரரி அவன் பையிலிருந்த சி.டி.யில் இருந்தது. 'பழையதை நம்பி மற்ற எல்லாம் ஓடுகிறது, மாற்றாதே' என்று கம்ப்யூட்டர் தடுத்தது. புத்திசாலி அங்கேயே நின்றிருப்பான். தலைவன், தடையை மீறி நிறுவச் சொல்லும் 'ஃபோர்ஸ்' கட்டளையைத் தட்டினான்.

கம்ப்யூட்டர் கீழ்ப்படிந்தது. அதோடு மூச்சை நிறுத்திக்கொண்டது. அதன்பின் ஒரு கட்டளைகூட ஓடவில்லை.

கூட்டம் நிறைந்தது. ஜெனிஃபர் வந்தாள், தட்டினாள், மறுபடியும் தட்டினாள்... எதுவும் ஓடவில்லை.

"ஊட்டையே மூட்டை கட்டிட்டு வந்தா பெட்டி தாங்குமாம்மா?" என்றான் மதியழகனின் சீடன் சுனில். ஒரே சிரிப்பு.

தலைமை தாங்கிய சுந்தரேசன் தொண்டையைச் செருமினார். "அப்போ இந்த கே.ஜி.எஃப். விஷயத்தை... பின்னாடி பார்க்கலாமே."

ஜெனிஃபர் அழவில்லை. கீபோர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் மதியழகனால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷ வாதத்தில் அவன் அணி பெற்ற மகத்தான வெற்றி இது... வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

எழுந்தான். "சார், தப்பு அவங்க மேல இல்ல. நான்தான் கேக்காம கை வெச்சேன். ஃபோர்ஸ் போட்டேன்."

கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் சபை அதிர்ந்தது.

"மச்சி, நீயா?" என்றான் சுனில் பரிதாபமாக.

"நானேதான்டா." ஜெனிஃபர் பக்கம் திரும்பினான். "உங்க ஃபோல்டரை நான் தொடல. டிஸ்க்ல அப்படியே இருக்கு."

பிறகு, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத எதிர் அணியிடம் போய்க் கை நீட்டினான். நிறுவாமலே ஓடும் லினக்ஸ் சி.டி. ஒன்று அவர்களிடம் இருந்தது. அதைப் போட்டதும் பெட்டி விழித்தது. முற்றிலும் வேறு வகை லினக்ஸ்! ஜெனிஃபர் தன் ஃபோல்டரைத் திறந்தாள். மென்பொருள் சிணுங்காமல் எழுந்து வந்தது. திரையில் ஒவ்வோர் எழுத்தாக விரிந்தது, 'மாண்புமிகு ஐயா'...

கைதட்டல். எங்கள் சி.டி.யால்தான் என்று எதிர் அணி முழங்கியது. எங்கள் தலைவரின் நேர்மையால்தான் என்றான் சுனில். சுந்தரேசன் அடுத்த ஞாயிறுக்கு ஆள் அனுப்ப ஒப்புக்கொண்டார். மூட்டை கட்டியவளைப் பற்றி யாருக்கும் ஞாபகமில்லை, ஒருவனைத் தவிர.

வெளியே தூறல். வராந்தாவில் அவனை நிறுத்தினாள் ஜெனிஃபர்.

"கேக்காம ஏங்க தொட்டீங்க?"

"உங்களுக்கு ஏதாவது செஞ்சு தரணும்னு தோணிச்சு... எனக்கு இது தவிர வேற எதுவும் செய்யத் தெரியாது. இதுவும் தெரியலன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. உங்களுது எவ்ளோ நல்ல வேலைங்க! நான் எழுதின அத்தனை மெயிலும் அதுக்கு ஈடாகாது. பஸ்ல பார்த்ததுலேர்ந்து... உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் மழையைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க."

"வந்தா... உங்க அப்பா நான் யாருன்னு கேப்பாரே?"

"லினக்ஸ்காரர்னா அவருக்குப் புரியாது." முகம் சிவக்கத் திரும்பிக்கொண்டாள். "எனக்குப் பிடிச்சவர்னு சொல்லிடறேன்... அது புரியும்."